நிறுத்தத் தெரியாத கோல்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் மேட்ச்சின் இடைவேளையைப் பார்த்திருக்கிறீர்களா? (யூட்யூபில் கொட்டிக் கிடக்கிறது.) ஆட்டக்காரர்கள் உள்ளே போனதும் முந்நூறு, நானூறு மாணவர்கள் வாத்தியங்களோடு மைதானத்துக்குள் ஓடி வருகிறார்கள். டிரம்பெட், டிராம்போன், தோளில் பாம்பு மாதிரி சுற்றிய சூசாஃபோன், வயிற்றில் கட்டிய டிரம். ஊதிக்கொண்டே நடந்து எழுத்தாகிறார்கள், வட்டமாகிறார்கள், மறுபடியும் கலைகிறார்கள். கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது.

ஓரத்தில் கோட்டு போட்ட ஒரு பெரியவர் நிற்கிறார். அவர்தான் பேண்ட் டைரக்டர். போஸ்டரில் அவர் படம், சுவனீரில் அவர் படம், பயிற்சிக் கூடத்தின் வாசலில் அவர் படம். எல்லாப் படத்திலும் கையில் சுமார் பதினாலு அங்குலக் குச்சி. அதற்குப் பெயர் பேட்டன். நாம் கோல் என்றே சொல்வோம், பொருத்தமான சொல் அதுதான்.

ஒரு சின்னக் கேள்வி. அந்தக் கோலை மைதானத்தில் யார் பார்க்கிறார்கள்?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஃபுட்பால் மைதானம் ஒரு கோல் கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர். ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். இந்தக் கோடியில் அடித்த டிரம் அந்தக் கோடிக்குப் போய்ச் சேரக் கால் விநாடிக்கு மேல் ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற சாதாரண மார்ச் வேகத்தில் ஒரு தட்டுக்கு அரை விநாடிதான். அதாவது காதை நம்பி வாசித்தால் கோடியில் நிற்பவன் பாதித் தட்டு பின்தங்கிவிடுவான். அதனால்தான் மார்ச்சிங் பேண்டில் கண்ணுக்கு அவ்வளவு வேலை. உயரமான மேடையில் ஏறி நின்று இரண்டு கையையும் அகல வீசித் தாளம் காட்டும் டிரம் மேஜரைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். டிரம் மேஜர் யார்? அவரும் ஒரு மாணவர். கை தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்று பல பேண்டுகளில் வெள்ளைக் கையுறை வேறு. ஓரத்தில் நிற்கும் பெரியவரின் மெல்லிய குச்சி ஐம்பது கெஜத்துக்கு அப்பால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது.

பயிற்சிக் கூடத்தில் அந்தக் கோலுக்கு வேலை உண்டு, கேலரியில் உட்கார்ந்து வாசிக்கும்போதும் கொஞ்சம் உண்டு. மைதானத்தில் அது பதவிச் சின்னம் மட்டும். சின்னமாக இருப்பது குற்றமில்லை. எதற்குச் சின்னம் என்பதுதான் கேள்வி. பெருமைக்கு மட்டுமா, பொறுப்புக்கும் சேர்த்தா?

இந்தக் கோலின் பூர்வ கதையே வேடிக்கையானது. பிரெஞ்சு மன்னர் பதினாலாம் லூயியின் அரசவை இசைக்கலைஞர் லுல்லி கனமான நீளத் தடியால் தரையில் தட்டித் தாளம் காட்டுவார். 1687இல் மன்னர் உடல்நலம் தேறியதைக் கொண்டாடும் நிகழ்ச்சியில் தட்டிய தட்டு தன் காலிலேயே விழுந்தது. காயம் புரையோடி அதே ஆண்டு மார்ச்சில் இறந்து போனார். கோல் பிடித்தவருக்கே அடி விழுந்த கதை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தடி சுருங்கி மெல்லிய குச்சியானது. அதற்குப் பிறகு பிடித்தவருக்கு அடிபடுவது நின்றுவிட்டது. இன்றுவரை அப்படித்தான்.

அமெரிக்காவில் பேண்ட் இசைக்குக் குலதெய்வம் மாதிரி இருப்பவர் ஜான் ஃபிலிப் சூசா. 1880 முதல் 1892 வரை அமெரிக்க மரைன் பேண்டை நடத்தினார். அவர் விலகியபோது வாத்தியக்காரர்கள் அவருக்கு ஒரு கோலைப் பரிசாகக் கொடுத்தார்கள். 1953இல் அவருடைய மகள்கள் அதை மரைன் பேண்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து புது டைரக்டர் பொறுப்பேற்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோல் கைமாறுகிறது. அழகான சடங்குதான். கோல் என்றால் அதிகாரம், அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது என்று ஊரறியச் சொல்கிறார்கள். கல்லூரிகளும் அதே மயக்கத்தில்தான் வளர்ந்தன. இலினாய் பல்கலைக்கழகத்தில் ஹார்டிங் 1948 வரை நாற்பது ஆண்டுக்கு மேல் கோல் பிடித்தார். மிச்சிகனில் ரெவெலி 1935 முதல் 1971 வரை. ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃபாஸ்டர் 1946 முதல் 1998 வரை. ஒரே ஆள், ஒரே கோல், பல தலைமுறை மாணவர்கள். பேண்ட் என்றாலே அந்த ஆள் என்றாகிவிட்டது.

இவர்கள் சாதித்ததை யாரும் மறுக்க முடியாது. ஃபாஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பின மாணவர்களை வெள்ளையர் கல்லூரிகளின் வாசலிலேயே நிறுத்திவைத்த காலத்தில் அவர் தொடங்கியது 'மார்ச்சிங் 100'. 1989இல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழாவுக்குப் பாரிஸ் தெருவில் நடந்த அணிவகுப்பு வரைக்கும் அந்தப் பேண்ட் போனது. ஒரு சமூகமே தலை நிமிர்ந்து பார்த்த பேண்ட் அது. அந்தப் பெருமை பொய்யில்லை. ஆனால் பெருமை பெரிதாக ஆக, அதை ஒரு வாரம் நிறுத்திவைக்கக்கூட யாருக்கும் கை வராமல் போகிறது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

யோசித்துப் பாருங்கள். கோலால் இரண்டே காரியம்தான் செய்ய முடியும். ஒன்று, தொடங்கச் சொல்வது. இன்னொன்று, நிறுத்தச் சொல்வது. தொடங்குவதற்கு டைரக்டர் தேவையே இல்லை, டிரம் மேஜரின் விசில் போதும். முந்நூறு பேர் தயாராக நிற்கும்போது, டிக்கெட் விற்றுத் தீர்ந்திருக்கும்போது, பழைய மாணவர்கள் பஸ் பிடித்து வந்திருக்கும்போது, "இன்று வாசிக்க மாட்டோம்" என்று சொல்வதற்குத்தான் டைரக்டர் வேண்டும். அதற்காகத்தான் அவர் கையில் கோல். மற்றதெல்லாம் அலங்காரம்.

அந்த ஒரு வேலையை அவர்கள் செய்தார்களா?

2011 நவம்பர் 19. ஆர்லாண்டோ நகரம். ஃபுளோரிடா கிளாசிக் ஆட்டம் முடிந்து மார்ச்சிங் 100 ஹோட்டலுக்குத் திரும்பியது. நிறுத்தி வைத்திருந்த ஒரு பஸ்ஸுக்குள் ஒரு சடங்கு நடந்தது. பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை நடந்து போக வேண்டும், இருபுறமும் நிற்கும் சக மாணவர்கள் அடிப்பார்கள். அப்படி நடந்தவர் ராபர்ட் சாம்பியன், வயது 26. அன்றிரவே இறந்தார். அடியினால் உடலுக்குள் ஏற்பட்ட ரத்தக்கசிவுதான் காரணம் என்றும், இது கொலையே என்றும் பிரேதப் பரிசோதனை சொன்னது.

ராபர்ட் சாம்பியன் அந்தப் பேண்டின் டிரம் மேஜர்களில் ஒருவர். மாலையில் மைதானத்தில் அவர் கையைப் பார்த்துத் தாளம் பிடித்தவர்களில் சிலர்தான் இரவு பஸ்ஸில் அவரை அடித்தார்கள்.

அங்கே இதை ஹேசிங் என்கிறார்கள், நம் ஊரில் ராகிங். திடீரென்று வானத்திலிருந்து விழுந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். அதே பேண்டில் 1998இல் ஒரு கிளாரினெட் மாணவர் அடி வாங்கிச் சிறுநீரகம் பாதித்து மருத்துவமனையில் கிடந்தார். 2001இல் ஒரு டிரம்பெட் மாணவருக்கும் அதே கதி. அவருக்கு 18 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொல்லி 2004இல் தீர்ப்பு வந்தது. 2011 அக்டோபர் கடைசியில் ஒரு முதலாண்டு மாணவிக்கு அடியில் தொடை எலும்பே விரிந்தது. சாம்பியன் இறப்பதற்குச் சில வாரம் முன்னால்தான் இருபதுக்கும் மேற்பட்ட பேண்ட் மாணவர்களை ராகிங்குக்காக டைரக்டரே இடைநீக்கம் செய்திருந்தார்.

நெஞ்சு பதறும் விஷயம் இன்னொன்று உண்டு. சாம்பியன் இறப்பதற்கு மூன்றே நாள் முன்பு பல்கலைக்கழக அதிகாரிகளின் கூட்டத்தில், பேண்டையே நிறுத்தி வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதை ஏற்கவில்லை. பஸ்கள் ஆர்லாண்டோவுக்குக் கிளம்பின.

பிள்ளை இறந்த பிறகு என்ன ஆனது தெரியுமா? பேண்டை நிறுத்தினார்கள். ஒரு வாரமா, ஒரு மாதமா? 2013 வரைக்கும். வானம் இடிந்து விழவில்லை. பல்கலைக்கழகம் மூடப்படவில்லை. ஃபுட்பால் ஆட்டங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. அப்படியானால் நிறுத்துவது முடியாத காரியம் இல்லை. நவம்பர் 16 அன்று முடியாதது நவம்பர் 22 அன்று எப்படி முடிந்தது? இடையில் நடந்தது ஒரு சாவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் பழி யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். வழக்கு பாய்ந்தது பதினைந்து முன்னாள் பேண்ட் உறுப்பினர்கள் மேல். ஒருவருக்கு ஆறு ஆண்டுக்கு மேல் சிறை, பெரும்பாலானவர்களுக்கு நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூக சேவையும். அடித்தவர்கள் தண்டனை பெற்றது சரியே, அதில் இரண்டாவது கருத்தில்லை. டைரக்டருக்கு? முதலில் வேலைநீக்கக் கடிதம், பிறகு அது மாறி விடுப்பு, 2012 மே மாதம் ஓய்வு. பல்கலைக்கழகத் தலைவர் அதே ஆண்டு ஜூலையில் பதவி விலகினார். குடும்பம் வழக்குப் போட்டபோது, 26 வயது ஆள், ஆபத்து தெரிந்தேதான் போனார் என்று இறந்தவர் மேலேயே பொறுப்பைச் சுமத்தி நீதிமன்றத்தில் பதில் கொடுத்தது பல்கலைக்கழகம். கடைசியில் 2015இல் 11 லட்சம் டாலருக்குச் சமரசம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான்.

டைரக்டர் தரப்பு வாதத்தையும் கேட்போம். "நான் சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதினேன், மாணவர்களை இடைநீக்கம் செய்தேன், எச்சரித்தேன்." பொய் என்று சொல்ல முடியாது. எழுதிய கடிதங்கள் இருந்தன. இடைநீக்கமும் நடந்தது. சரி, கடிதத்துக்குப் பலன் இல்லை என்று தெரிந்த பிறகு கையில் மிச்சம் என்ன இருந்தது? கோல் இருந்தது. "இந்த வாரம் பேண்ட் வராது" என்று அவரே சொல்லியிருக்கலாம். மேலிடம் ஒத்துக்கொள்ளாவிட்டால் கோலை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்படிச் செய்தால் வேலை போகும், மறுப்பதற்கில்லை. ஆனால் வேலை போகும் என்ற பயம் உள்ளவர் கையில் இருப்பது கோல் இல்லை, குச்சி.

இரண்டாவது வாதம்: "நானூறு பேரை எப்படி ஐயா கண்காணிப்பது?" நல்ல கேள்வி. அந்தப் பேண்டின் பட்டியலில் இருந்தவர்களில் சுமார் நூறு பேர் அந்தச் சமயத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களே இல்லை என்று 2012இல் வெளியே வந்தது. அப்படியானால் எத்தனை பேர் என்பதை விடுங்கள், யார் யார் என்பதே கோல் பிடித்தவருக்குத் தெரியவில்லை. முந்நூறு பேரில் ஒருவன் இடது காலை அரைத் தட்டு தாமதமாக வைத்தால் கோபுரத்தின் மேலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டத் தெரிகிறது. அதே பையன் உட்கார முடியாமல் நொண்டிக்கொண்டு வருவது மட்டும் கண்ணில் படாதா?

மூன்றாவது வாதம்தான் மோசமானது: "இது பரம்பரை வழக்கம், எனக்கு முன்பிருந்தே நடக்கிறது." 2014இல் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதே வாதம் வந்தது. 1936 முதல் 'ஓஹையோ' என்ற சொல்லை மைதானத்தில் எழுதிக் காட்டும் புகழ்பெற்ற பேண்ட் அது. உள்ளே ஆபாசப் பட்டப்பெயர்கள், அரைகுறை ஆடையோடு நள்ளிரவு அணிவகுப்பு என்று ஒரு கலாசாரமே வளர்ந்திருந்ததாகப் பல்கலைக்கழக விசாரணை சொன்னது. டைரக்டருக்கு அது தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. அவரை நீக்கினார்கள். தான் அதை மாற்றிக்கொண்டுதான் இருந்ததாக அவர் சொன்னார், பழைய மாணவர்கள் பலர் அவருக்காகக் கொதித்தார்கள். அவர் பாதி மாற்றியிருக்கலாம். வழக்கம் அவருக்கு முன்பே இருந்ததும் உண்மைதான். அப்படியானால் அவருக்கு முன்னால் கோல் பிடித்தவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி சேர்ந்து வருகிறது. அவருடைய கேள்வி அதனால் தள்ளுபடி ஆகாது. கோலைப் பரம்பரையாக வாங்கிக்கொள்கிறவர் அதோடு வரும் கடனையும் வாங்கிக்கொள்ள வேண்டும். சொத்து எனக்கு, கடன் அப்பாவுக்கு என்றால் எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஒத்துக்கொள்ளாது.

"தெரிந்திருக்க வேண்டும்" என்ற அந்தச் சொல்தான் இங்கே முக்கியம்.

சட்டம் அந்தத் திசையில் மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஃபுளோரிடாவில் 2005இல் வந்த சட்டம், ராகிங்கில் பலத்த காயமோ சாவோ ஏற்பட்டால் அதைப் பெருங்குற்றம் ஆக்கியது. 2019இல் அதைத் திருத்தி, அந்த இடத்தில் இல்லாவிட்டாலும் திட்டம் போட்டவர்களையும் உள்ளே இழுத்தார்கள். 2024 டிசம்பரில் அமெரிக்க மத்திய அரசே, கல்லூரிகள் தங்கள் ராகிங் சம்பவங்களைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. அடித்தவர் மாட்டுகிறார், திட்டம் போட்டவர் மாட்டுகிறார், கல்லூரி அறிக்கை எழுதுகிறது. நடுவில் கோல் பிடித்து நிற்பவர் மட்டும் இன்னும் வசதியான நிழலில் நிற்கிறார்.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் இங்கே ராகிங் தடைச் சட்டம் வந்தது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவர் அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததாகவே கருதப்படுவார் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவை எத்தனை முறை பயன்படுத்தினார்கள் என்பது வேறு சண்டை. ஆனால் எழுதிய கை சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. சும்மா இருப்பதும் ஒரு செயல்தான், அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

பேண்ட் டைரக்டர்களிடம் கேட்க வேண்டியது அதிகம் ஒன்றுமில்லை.

1. வெளியூர்ப் பயணத்துக்கு முன் பஸ்ஸில் ஏறும் ஒவ்வொருவர் பெயரையும் சரிபார்த்து டைரக்டர் கையெழுத்துப் போடட்டும். மாணவர் இல்லாத ஒருவர் ஏறினாலும் அது அவர் பொறுப்பு.

2. ராகிங் புகார் வந்தால் அடுத்த நிகழ்ச்சி ரத்து. விசாரணை முடிந்த பிறகு மறுபடி வாசிக்கலாம். யாரைக் கேட்டு என்ற பேச்சே வேண்டாம், அந்த அதிகாரம் டைரக்டருக்கு எழுத்தில் இருக்கட்டும். அதிகாரம் இருந்தும் நிறுத்தவில்லை என்றால் ஏன் என்று அவரே விளக்கட்டும்.

3. புகாரை வாங்குகிறவர் பேண்டுக்குச் சம்பந்தமில்லாத ஆளாக இருக்கட்டும். யாருக்கு சோலோ கிடைக்கும், யாருக்கு உதவித்தொகை கிடைக்கும் என்று முடிவு செய்கிறவரிடமே போய் எந்தப் பிள்ளையும் புகார் சொல்லாது.

4. புது டைரக்டருக்குக் கோல் கொடுக்கும் சடங்கு நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே பழைய புகார்களின் ஃபைலையும் கையில் கொடுங்கள். அதை வாங்கிக்கொண்டதாக அவர் சபையில் சொல்லட்டும்.

இவ்வளவு செய்தால் இசை கெட்டுவிடும், கட்டுப்பாடு போய்விடும், பேண்டே அழிந்துவிடும் என்பார்கள். கேட்டுக் கேட்டுப் புளித்த பேச்சு. அடி வாங்கியதால் ஒரு பிள்ளைக்காவது சுருதி சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. பேண்டை அழிக்கும் வழி எது என்பதற்கு நடந்த கதையே சாட்சி. நானூறுக்கு மேல் பெயர் இருந்த மார்ச்சிங் 100, தடை நீங்கித் திரும்பியபோது நூற்றுச் சொச்சம் பேரோடு வந்தது. நிறுத்த வேண்டிய நேரத்தில் ஒரு வாரம் நிறுத்தாததற்கு அவர்கள் கொடுத்த விலை அது. அதைவிடப் பெரிய விலையைக் கொடுத்தது ஒரு தாயும் தகப்பனும்.

2013 செப்டம்பர் 1 அன்று அந்தப் பேண்ட் மறுபடி மைதானத்தில் இறங்கியது. ஊர் அதே ஆர்லாண்டோ. சாம்பியன் கடைசியாகத் தாளம் காட்டிய அதே ஸ்டேடியம். புது டைரக்டர், புது விதிகள், புது மாணவர்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பிள்ளைகளுக்குக் கைதட்டியது நியாயம்தான், அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஆனால் அங்கே மட்டுமல்ல, எந்த ஊர் மைதானத்திலும் இனிமேல் இடைவேளையில் பேண்ட் வரும்போது, ஓரத்தில் நிற்கும் அந்தப் பெரியவரையும் ஒரு நிமிடம் பாருங்கள். கையை எவ்வளவு அழகாக வீசுகிறார் என்று பார்க்க வேண்டாம். இந்தக் கையால் எப்போதாவது நிறுத்த முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அந்தக் கோலை வாங்கி வேறு யாரிடமாவது கொடுங்கள்.